செல்யே கண்ட மூன்று மாற்றங்கள்

நோயை எதிர்க்கும் ஆற்றல் குருதியிலும் நிணநீரிலும் உலவும் வெள்ளணுக்களிடம் உள்ளது. ஆயினும் அவ்வணுக்கள் தனித்து இயங்குவதில்லை. மூளையும் நாளமில்லாச் சுரப்பிகளும் அவற்றைத் தூண்டவும் அடக்கவும் செய்கின்றன. இவ்வுண்மைக்கு வழிதிறந்த அறிஞர்களுள் ஒருவர் ஹான்ஸ் செல்யே.

செல்யே 1907ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்தார். தந்தை, ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் அறுவை மருத்துவர். பிராகா நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் செல்யே மருத்துவம் பயின்றார். அங்கே பேராசிரியர் ஒருவர் பல்வேறு தொற்றுநோயாளிகளைக் காட்டி, ஒவ்வொரு நோய்க்கும் உரிய தனி அறிகுறியை விளக்கினார். மாணவரான செல்யேயின் கருத்தைக் கவர்ந்தவையோ பொது அறிகுறிகள். பசியின்மை, உடல்வலி, சோர்வு ஆகியன நோயாளிகள் அனைவரிடமும் காணப்பட்டதேன் என அவர் வியந்தார்.

பின்னர்க் கனடா சென்று, மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹார்மோன் ஆய்வில் ஈடுபட்டார். சூலகச் சாற்றை எலிகளுக்குச் செலுத்தியபோது மூன்று மாற்றங்கள் தோன்றின. அட்ரினல் சுரப்பி பெருத்தது. தைமஸ் சுரப்பியும் நிணநீர் முடிச்சுகளும் சுருங்கின. இரைப்பையில் புண்கள் உண்டாயின. புதிய ஹார்மோன் ஒன்று கிடைத்ததென அவர் மகிழ்ந்தார். ஆனால், நச்சுத்தன்மையுள்ள பார்மலினைச் செலுத்தியபோதும் அதே மாற்றங்கள் தோன்றின. அவருடைய நம்பிக்கை தகர்ந்தது.

அச்சோர்வினிடையே மாணவப் பருவத்து வினா அவர் நினைவில் எழுந்தது. தீங்கு எதுவாயினும் உடல் தரும் பொதுவான மறுமொழி இதுவாக இருக்கலாம் எனக் கருதினார். அவர் பெரிதும் மதித்த அறிஞர் ஒருவர் இம்முயற்சியைக் கைவிடுமாறு அறிவுறுத்தினார். இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரெடெரிக் பான்டிங்கோ ஊக்கமும் சிறு நிதியுதவியும் அளித்தார். குளிர், காயம், கடும் உழைப்பு, மருந்துகளின் நச்சு எனப் பலவற்றையும் செல்யே ஆய்ந்தார், மாற்றங்கள் மாறவில்லை. 1936ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று ‘நேச்சர்’ இதழில் அம்முடிவு சிறு கடிதமாக வெளிவந்தது. இயற்பியலில் நாம் தகைவு என்று கற்பதன் ஆங்கிலப் பெயரையே இந்நிலைக்கும் அவர் பின்னர் வழங்கினார்.

அட்ரினலை நீக்கிய எலிகளில் தைமஸ் அவ்வாறு சுருங்கவில்லை. எனவே, நோயெதிர்ப்பு உறுப்பைச் சுருக்கும் ஆணை அட்ரினலிலிருந்தே வருவது புலனாயிற்று. மூளையின் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினலைத் தூண்டுகிறது. அட்ரினல் சுரக்கும் கார்டிசோல் வெள்ளணுக்களின் வேகத்தைத் தணிக்கிறது. வெள்ளணுக்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள் ஹைபோதலாமசைத் தூண்டுவதையும், நரம்பிழைகள் மண்ணீரலையும் நிணநீர் முடிச்சுகளையும் சென்றடைவதையும் பிற்கால ஆய்வுகள் காட்டின. அட்ரினல் புறணியின் ஹார்மோன்களை ஆய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவர் 1950இல் நோபல் பரிசு பெற்றனர். செல்யேக்கு அப்பரிசு கிட்டவில்லை.

தீங்குகள் அனைத்துக்கும் உடலின் மறுமொழி ஒன்றே என்ற அவருடைய கருத்து பின்னர்த் திருத்தம் பெற்றது. எனினும், அவர் எழுப்பிய வினா புதியதோர் ஆய்வுத்துறை வளரத் துணைநின்றது. செல்யே 1982இல் மான்ட்ரியலில் மறைந்தார். எதிர்பார்த்த விடை பொய்த்தபோதும் கண்முன் நின்ற மாற்றங்களைப் புறந்தள்ளாத நேர்மையே அவரை உயர்த்தியது.