கினி நாட்டுக் கலைஞர் கெய்த்தா ஃபொடேபா

அடிமைப்பட்ட நாடு விடுதலை பெறும் நாளில் அதன் கலைஞர் முன் இரண்டு வழிகள் திறக்கின்றன. அரசோடு சேர்ந்து நாட்டை ஆக்குவது ஒன்று. அரசுக்கு வெளியே நின்று மக்கள் நெஞ்சைப் பேசுவது மற்றொன்று. முதல் வழியைத் தேர்ந்து, அதன் எல்லைவரை நடந்தவர் மேற்கு ஆப்பிரிக்காவின் கெய்த்தா ஃபொடேபா. நாடக மேடையில் மலர்ந்த அவர் வாழ்வு சிறையில் முடிந்தது. அரசியலிலும் கலையிலும் ஆர்வங்கொண்ட மாணவர் அறிய வேண்டிய வரலாறு இது.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த கினியில், சிகிரி என்னும் ஊரில் 1921ஆம் ஆண்டு அவர் பிறந்தார். நம் சங்க காலப் பாணரை நினைவூட்டும் மரபினர் அந்த மண்ணில் உண்டு. யாழை ஒத்த கோரா என்னும் கருவியை மீட்டி, மன்னர் புகழையும் குல வரலாற்றையும் தலைமுறை தலைமுறையாகப் பாடி வருபவர் அவர்கள்.

ஃபொடேபா செனகலில் இருந்த வில்லியம் போன்தி ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்றார். அப்பள்ளி மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர்க் கதைகளையும் வழக்கங்களையும் திரட்டி வந்து நாடகமாக்கி நடிப்பர். அங்கிருந்து வந்த பட்டதாரிகள் பலர் பின்னாளில் ஆப்பிரிக்க அரசுகளின் தலைமைக்கு உயர்ந்தனர். ஃபொடேபாவும் ஆசிரியரானார். 1948இல் சட்டம் பயிலப் பாரிஸ் சென்றார். ஆனால் அங்கே அவரை ஈர்த்தது மேடையே. பாரிஸில் வாழ்ந்த ஆப்பிரிக்க இளைஞரைத் திரட்டி ஒரு குழு அமைத்தார். கந்தே ஃபசேலியின் கிதார் இசை அவருக்குத் துணை நின்றது. அக்குழுவே பின்னர் ஆப்பிரிக்க பாலே என்ற பெயரில் உலகெங்கும் புகழ் பெற்றது.

அவருடைய படைப்புகளுள் தலைசிறந்தது 'ஆப்பிரிக்க விடியல்' என்னும் இசை நாடகக் கவிதை. நாமன் என்னும் சிற்றூர் இளைஞன் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஐரோப்பியப் போருக்குச் செல்கிறான், சிறைப்படுகிறான், பிழைத்தும் மீள்கிறான். ஆனால் ஊர் வந்து சேரவில்லை. டக்கார் அருகே தியரோய் முகாமில், தன் படைத் தலைவர்களோடு எழுந்த பூசலில் மாண்டு போகிறான். இது வெறும் கற்பனையன்று. போரிலிருந்து மீண்ட ஆப்பிரிக்க வீரர் தமக்குரிய ஊதியத்தைக் கேட்டபோது, 1944 டிசம்பர் 1 அன்று அதே முகாமில் பிரெஞ்சுப் படை அவர்களைச் சுட்டு வீழ்த்தியது. ஃபொடேபாவின் படைப்புகள் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் 1951இல் தடை செய்யப்பட்டதில் வியப்பென்ன? ஃபிரான்ஸ் ஃபனோன் 1961இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில் இக்கவிதையை எடுத்து ஆராய்ந்துள்ளார்.

1957இல் கினிக்கு ஓரளவு தன்னாட்சி கிடைத்தது. செக்கூ தூரேயின் கட்சி பதவி ஏற்றது. ஃபொடேபா உள்நாட்டு அமைச்சரானார். அவ்வாண்டின் இறுதியில், குடியேற்ற ஆட்சிக்குக் கைகொடுத்து வந்த ஊர்த் தலைவர் முறை ஒழிக்கப்பட்டது. 1958 செப்டம்பர் 28 அன்று நடந்த வாக்கெடுப்பில், பிரெஞ்சுக் கூட்டமைப்பு வேண்டாமென்று கினி மக்கள் பெருவாரியாக வாக்களித்தனர். அக்டோபர் 2 அன்று நாடு விடுதலை பெற்றது. நாட்டுப் பண்ணின் இசையை அமைத்தவர் ஃபொடேபா. அல்ஃபா யாயா என்னும் மன்னரைப் பற்றிய பழம் புகழ்ப்பாட்டின் மெட்டிலிருந்து அது பிறந்தது. அவருடைய நாட்டியக் குழு நாட்டின் குழுவாயிற்று.

சோசலிசப் பாதையை மேற்கொண்ட புதிய அரசு கலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. நாடகம், நாட்டியம், இசை ஆகியவற்றுக்குப் பகுதிதோறும் குழுக்கள் அமைந்தன. அவை போட்டிகளில் வென்று, படிப்படியாக உயர்ந்து, தலைநகர் கோனாக்ரியின் மேடையை எட்டின. எழுத்தறியா உழவனும் நாட்டின் மேடையில் தன் பாட்டைக் கேட்டான். இது பெரும்பேறே. ஆனால் மறுபக்கமும் உண்டு. மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில், காட்டுப் பகுதி மக்கள் தெய்வமாய்ப் போற்றிய முகமூடிகள் பறிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. அதே முகமூடி ஆட்டம் அரசு மேடையில் மட்டும் ஆடலாம்! எதை ஆடுவது, எதை விடுவது என்று முடிவு செய்யும் உரிமை ஆடுபவனிடமிருந்து கட்சிக்குப் போயிற்று.

ஃபொடேபாவின் கையிலோ காவலும் பாதுகாப்பும் இருந்தன. சதி நடந்ததாக அரசு அறிவிக்கும்; கைதுகள் தொடரும். 1961இல் ஆசிரியர் சங்கத்தார் ஊதியம் கேட்டுக் குரல் எழுப்பியபோது, அதன் தலைவர்கள் சிறை சென்றனர். ஒரு காலத்தில் ஆசிரியராய் இருந்தவர் அன்று அரசின் பக்கம் நின்றார். ஊதியம் கேட்ட வீரரின் கதையை உலகுக்குச் சொன்னவரும் அவரே அன்றோ?

1965இல் பாதுகாப்புத் துறை அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, வேளாண்மைப் பொறுப்பு தரப்பட்டது. 1969இல் லாபே நகரப் படைவீரர் சதி செய்தனர் என்று அரசு அறிவித்தது. ஃபொடேபாவும் அதில் சேர்க்கப்பட்டார். முறையான வழக்கு மன்ற விசாரணையின்றி அவ்வாண்டு மே மாதத்தில் கொல்லப்பட்டார். அவர் இறுதி நாட்களைக் கழித்த இடம் கோனாக்ரியின் பொய்ரோ முகாம். அதன் சிறை அறைகள் அவர் அமைச்சராய் இருந்தபோது எழுந்தவை என்பர். 1984இல் தூரே மறைந்து ஆட்சி மாறிய பின்னரே அச்சிறையின் கதவுகள் திறந்தன.

ஃபொடேபாவைத் துரோகி என்று தள்ளுவதும் எளிது. தியாகி என்று போற்றுவதும் எளிது. இரண்டும் முழு உண்மையாகா. ஆப்பிரிக்கக் கலையை உலக அரங்கில் தலைநிமிரச் செய்த அதே கை, தன் நாட்டாரைச் சிறைக்கு அனுப்பும் அரசுக்கும் உழைத்தது. நாமனுக்காகப் பேச 1940களின் பின்னே ஒரு ஃபொடேபா இருந்தார். பொய்ரோ முகாமில் அடைபட்டோருக்காகப் பேச அன்றைய கினியில் மேடை ஒன்றும் எஞ்சவில்லை. எல்லா மேடைகளும் அரசின் மேடைகளாகிவிட்டிருந்தன. அவருக்கென ஒரு குரல் தேவைப்பட்ட நாளிலும் அவை வாய் திறக்கவில்லை.