கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு: யார் இந்த சாமுவேல் பிளிம்சால்?

துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலைக் கவனிச்சிருக்கீங்களா? பக்கவாட்டில் ஒரு வட்டம், அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு இருக்கும். கப்பல் எவ்வளவு ஆழம் வரை தண்ணீரில் அமிழலாம் என்பதைச் சொல்லும் சுமைக்கோடு அது. இதற்காகப் போராடியவர் பெயரில் 'பிளிம்சால் கோடு' என்றும் சொல்வார்கள்.

சாமுவேல் பிளிம்சால் 1824-ல் பிரிட்டனின் பிரிஸ்டலில் பிறந்தார். மாலுமி இல்லை, நிலக்கரி வியாபாரி. தொழில் நொடித்துப்போய் லண்டனில் வறுமையையும் பார்த்தவர். 1868-ல் டெர்பி தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார்.

அப்போ என்ன பிரச்னை?

பழைய கப்பல், அளவுக்கு மீறிய சரக்கு, தாராளமான இன்சூரன்ஸ். மூழ்கினாலும் முதலாளிக்கு நஷ்டமில்லை, போவது மாலுமியின் உயிர்தான். வேலைக்குக் கையெழுத்துப் போட்டவர், கப்பலின் நிலையைப் பார்த்துப் பயந்து ஏற மறுத்தால்? சிறை!

1873-ல் இதையெல்லாம் புத்தகமாகவே எழுதினார் பிளிம்சால். 1875 ஜூலையில், கப்பல் பாதுகாப்பு மசோதாவை டிஸ்ரேலி அரசு கைவிடப்போவதாகச் சொன்னதும், அவையிலேயே கொதித்தெழுந்தார். சக உறுப்பினர்களை அயோக்கியர்கள் என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டாலும், மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். 1876-ல் சுமைக்கோடு கட்டாயமானது.

ஆனால், ஓர் ஓட்டை இருந்தது

கோட்டை எங்கே போடுவது என்பதை முதலாளியே முடிவு செய்யலாம். வேண்டிய உயரத்தில் போட்டுக்கொண்டால் யார் கேட்பது? கோட்டின் இடத்தையும் சட்டம் நிர்ணயிக்க 1890 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சர்வேயர் ஏன் முக்கியம் என்பது இங்கேதான் புரியும். இன்று 1966-ம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தப்படி, கோட்டின் இடம் கணக்குப் போட்டுத்தான் முடிவாகிறது. முதலாளியிடம் சம்பளம் வாங்காத சர்வேயர் கப்பலில் ஏறி, கோடு சரியான இடத்தில் இருக்கிறதா, சரக்கறை மூடிகள், கதவுகள் வழியாகத் தண்ணீர் புகுமா என்று பார்க்கிறார். ஆண்டுதோறும் இந்தச் சோதனை உண்டு. சான்றிதழ் அதிகபட்சம் 5 ஆண்டுதான் செல்லும்.

பிளிம்சால் 1898-ல் இறந்தார். அடுத்தமுறை துறைமுகம் பக்கம் போனால் அந்த வட்டத்தைத் தேடிப் பாருங்க. கோடு வெறும் பெயின்ட்தான். அதைச் சரிபார்க்க ஓர் ஆள் இருப்பதால்தான் அது உயிர்காக்கிறது.