ராணியைக் கொடுத்து வென்ற ஆசிரியர்

சதுரங்கம் ஆடும்போது நமது ராணி வெட்டுப்பட்டால், ஆட்டமே போயிற்று என்று நாம் மனம் சோர்ந்து விடுகிறோம். தம் ராணியைத் தாமே முன்வந்து கொடுத்து வெற்றி பெற்றவர் ஒருவர் உண்டு. அவர்தாம் அடால்ஃப் ஆண்டர்சன் என்னும் பள்ளி ஆசிரியர்.

அவர் 1818-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் பிரஷ்ய நாட்டின் ப்ரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அங்கே கணித ஆசிரியராகப் பணியாற்றிய அவர், திருமணம் செய்துகொள்ளாமல் தம் தாயுடனும் சகோதரியுடனும் எளிமையாக வாழ்ந்தார். 1842-இல் தாம் அமைத்த 60 சதுரங்கப் புதிர்களை நூலாக வெளியிட்டார்.

1851-இல் லண்டன் மாநகரில் முதலாவது சர்வதேசச் சதுரங்கப் போட்டி நடைபெற்றது. அதில் முதலிடம் பெற்றவர் நம் ஆசிரியரே. ஆயினும் உலகம் இன்றும் நினைவில் வைத்திருப்பது, அந்நாட்களில் ஜூன் 21 அன்று கீசெரிட்ஸ்கி என்பவருடன் அவர் பொழுதுபோக்காக ஆடிய ஓர் ஆட்டத்தைத்தான்.

அவ்வாட்டத்தில் ஆண்டர்சன் ஒரு மந்திரியையும் இரண்டு யானைகளையும் இழந்தார். எதிரியின் கறுப்பு ராணி யானைகளை வெட்டும் ஆசையில் பலகையின் மூலைக்கே சென்றுவிட்டது. அங்கிருந்தும் அது மூலைவிட்டமாகத் தன் ராஜாவின் பக்கத்தைக் காத்து நிற்க முடியும். ஆண்டர்சன் ஒரு சிறு சிப்பாயை ஓர் அடி முன்னே நகர்த்தி அந்த வழியை அடைத்தார். பின்னர் குதிரையால் செக் கொடுத்தார். கறுப்பு ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு ஒதுங்கியது. உடனே தம் ராணியையே வெட்டக் கொடுத்தார். அதை வெட்ட வந்த கறுப்புக் குதிரை, தான் காத்து வந்த கட்டத்தை விட்டு விலகியது. அந்தக் கட்டத்தில் மந்திரி வந்து அமர, 23-ஆம் நகர்வில் செக்மேட்! மந்திரி ஒன்றும் குதிரைகள் இரண்டுமே ராஜாவை வளைத்துவிட்டன. கீசெரிட்ஸ்கி இழந்தவையோ மூன்று சிப்பாய்கள் மட்டுமே.

தோற்ற கீசெரிட்ஸ்கியே அந்த ஆட்டத்தைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. பிற்காலத்தில் அதற்கு 'அழியா ஆட்டம்' என்று பெயர் வந்தது. கறுப்புக்குத் தப்பும் வழிகள் இருந்தன என்று ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். எனினும் அதன் அழகு குறையவில்லை.

தோல்வியும் நம் ஆசிரியரைத் தேடி வந்தது. 1858-ஆம் ஆண்டு டிசம்பரில், பள்ளி விடுமுறையில் பாரிஸ் சென்று மார்ஃபி என்னும் 21 வயது அமெரிக்க இளைஞருடன் ஆடினார். இரண்டு ஆட்டங்களில் வென்றார்; ஏழில் தோற்றார்; இரண்டு சமநிலையில் முடிந்தன. அவர் சாக்குச் சொல்லவில்லை. இளைஞரின் திறமையை மனமாரப் புகழ்ந்துவிட்டுத் தம் வகுப்பறைக்குத் திரும்பினார். பயிற்சியையும் விடவில்லை. 1862-இல் லண்டனிலும், 1870-இல் தமது 52-ஆம் வயதில் பாடன்-பாடனிலும் முதலிடம் பெற்றார். 1879 மார்ச் 13 அன்று காலமானார்.

பெரியதை இழந்தாலும் எதற்காக இழக்கிறோம் என்ற கணக்கு வேண்டும். சிறு சிப்பாயையும் எளிதாக எண்ணலாகாது. தோற்ற மறுநாளும் கடமைக்குத் திரும்ப வேண்டும். கணித ஆசிரியர் ஒருவரின் வாழ்விலிருந்து நாம் கற்கும் பாடங்கள் இவை.