ரயில் விபத்துக்காகப் பதவி விலகிய சாஸ்திரி பிரதமரானது எப்படி?

உங்கள் ஆபீஸில் ஒரு பெரிய தவறு நடந்துவிடுகிறது. அதில் உங்கள் கை நேரடியாக இல்லை, ஆனா டீம் உங்களுடையது. மேலிடத்துக்குப் போகிற மெயிலில் யார் பெயரை எழுதுவீர்கள்?

1956-ல் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி முன்னால் ஏறத்தாழ இதே கேள்விதான் நின்றது. அந்த ஆண்டு மெகபூப்நகர் அருகே பாலம் உடைந்து நடந்த விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போதே அவர் ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. நவம்பர் 23 அதிகாலை, நம்ம அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சாஸ்திரி மறுபடியும் ராஜினாமா கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி காரணம் என்பதால் அல்ல, பொறுப்பேற்பதற்கு ஒரு முன்னுதாரணம் வேண்டும் என்பதால்தான் ஏற்றதாக நாடாளுமன்றத்தில் விளக்கமும் கொடுத்தார்.

எல்லோருக்கும் தெரிந்த கதை இது. ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் சாஸ்திரி வெறும் நல்ல மனிதராக மட்டும் மிஞ்சிவிடுவார். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் பாருங்கள்.

1904 அக்டோபர் 2-ல் முகல்சராயில் பிறந்தவர். ஒன்றரை வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மா குழந்தைகளோடு தாத்தா வீட்டில் அடைக்கலம். 1921-ல் காந்தியின் அழைப்பைக் கேட்டுப் பள்ளிப் படிப்பை விட்டார். கஷ்டப்படுகிற ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று யோசிச்சுப் பாருங்க. ஸ்ரீவாஸ்தவா என்ற சாதிப் பெயரை அவர் வைத்துக்கொள்ளவில்லை. காசி வித்யாபீடத்தில் 1925-ல் வாங்கிய பட்டத்தின் பெயர்தான் 'சாஸ்திரி'. பிறகு அதுவே அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது.

விடுதலைப் போராட்டத்தில் சுமார் 7 ஆண்டுகள் சிறை. அந்த நாட்களை வாசிப்பில் செலவிட்டார். மேரி கியூரியின் வாழ்க்கையை இந்தியில் மொழிபெயர்த்தார். சிறையில் இருந்தபோது மகள் கடுமையாக நோயுற்றாள். 15 நாள் பரோல் கிடைத்தது. வீட்டுக்கு வந்தார், மகள் இறந்துவிட்டாள். இறுதிச் சடங்கு முடிந்ததும், பரோல் நாட்கள் மிச்சமிருந்தும், சிறைக்கே திரும்பிவிட்டார். வந்த காரணம் முடிந்துவிட்டது என்பது அவர் கணக்கு. இதை முழுக்கப் பாராட்ட எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் அழுதுகொண்டிருந்த மனைவி லலிதாவை நினைத்தால் இன்னும் கஷ்டமா இருக்கு. ஆனால் யாரும் பார்க்காத இடத்திலும் அவர் இப்படித்தான் இருந்தார் என்பது மட்டும் தெரிகிறது.

1956-க்குப் பிறகு அவர் காணாமல் போகவில்லை. அடுத்த ஆண்டே தேர்தலில் ஜெயித்து மறுபடி அமைச்சரானார்; 1961-ல் உள்துறை. 1963-ல் காமராஜர் திட்டம் வந்தபோது அந்த நாற்காலியையும் விட்டார். 1964-ல் நேரு மறைந்தபோது காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் கட்சிக்காரர்களிடம் கருத்துக் கேட்டார். பெரும்பாலானோர் சாஸ்திரியைத்தான் விரும்பினார்கள். ஜூன் 9 அன்று பிரதமரானார்.

ஆரம்பமே சரியில்லை. குள்ளமான உருவம், மெல்லிய குரல், நேருவின் நிழல்: கேலிக்குப் பஞ்சமே இல்லை. முடிவெடுக்கத் தயங்குகிறார் என்ற விமர்சனமும் இருந்தது.

அவருக்கு உண்மையான பரீட்சை, என் பார்வையில், 1965 ஜனவரியில் தமிழ்நாட்டில் வந்தது. இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு என்று பல உயிர்கள் போயின. மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் ராஜினாமா செய்தார்கள். அவற்றை ஏற்கும்படி சாஸ்திரி குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்குப் பரிந்துரைத்தார். அவர் ஏற்கவில்லை. பொறுப்பேற்று விலகிய மனிதர், எதிர்ப்புத் தெரிவித்து விலகியவர்களின் குரலைச் சட்டென்று புரிந்துகொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அங்கேயே முறைத்துக்கொண்டு நிற்கவில்லை. பிப்ரவரி 11 அன்று வானொலியில் பேசினார். நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும், மத்திய அரசுத் தேர்வுகளில் ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தார். போராட்டம் தணிந்தது. சுப்பிரமணியமும் உணவு அமைச்சராகத் தொடர்ந்தார். பசுமைப் புரட்சிக்கு அடித்தளம் போட்ட வேலை அவர் கையில்தான் நடந்தது.

கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் அவரிடம் முன்பே இருந்தது. 1964 அக்டோபரில் ஆனந்துக்குப் போனபோது, பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கினார். பால் கூட்டுறவு ஏன் இங்கே ஜெயித்தது என்று ஊர்க்காரர்களிடமே கேட்டார். அடுத்த ஆண்டு தேசிய பால்வள வாரியம் குரியன் தலைமையில் அதே ஆனந்தில் தொடங்கியது.

பணிவு என்றால் பயந்த சுபாவம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1965 செப்டம்பரில் லாகூர் பக்கம் படையை நகர்த்த அனுமதித்தவர் இதே மனிதர்தான். 1966 ஜனவரி 10-ல் தாஷ்கண்டில் அயூப் கானுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அன்றிரவே, மணி பன்னிரண்டைத் தாண்டியபின், மாரடைப்பில் இறந்தார்.

பிரதமராக இருந்தபோது பிள்ளைகள் கேட்டதற்காக 12,000 ரூபாய்க்கு ஒரு ஃபியட் கார் வாங்கியிருந்தார். கையில் போதவில்லை, 5,000 ரூபாய் பஞ்சாப் நேஷனல் வங்கிக் கடன். மிச்சக் கடனை லலிதா தன் பென்ஷனிலிருந்து கட்டி முடித்தார். டெல்லியில் அவருடைய நினைவகத்துக்குப் போனால் அந்தக் காரை இப்போதும் பார்க்கலாம்.