மறதிக்குக் காரணம் தேடிய மருத்துவர்

வீட்டில் பாட்டி ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டால் நாம் சிரிக்கிறோம். சில வேளைகளில் சினந்தும் கொள்கிறோம். வயதானால் மறதி இயல்புதானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் எல்லா மறதியும் முதுமையால் வருவதன்று. அதில் ஒரு வகை மூளையைத் தாக்கும் நோய் என்று உலகுக்குக் காட்டியவர் அலோயிஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர்.

அவர் பவேரியாவிலுள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் 1864-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பிறந்தார். 1887-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் பணியேற்றார். மனநோயாளரைக் கட்டிப்போடுவது பல இடங்களில் வழக்கமாயிருந்த காலம் அது. அல்சைமரோ அவர்கள் அருகில் அமர்ந்து பொறுமையோடு பேசினார். கேட்டவற்றைக் குறித்து வைத்தார்.

1901-ஆம் ஆண்டு அவருக்குத் துயர ஆண்டு. மூன்று சிறு குழந்தைகளை விட்டு மனைவி இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் அகுஸ்தே என்ற 51 வயதுப் பெண்மணி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். பெயரைக் கேட்டால் சொன்னார். குடும்பப் பெயரைக் கேட்டாலும் அதே பெயரையே சொன்னார். காலிபிளவர் உண்டுகொண்டே, தாம் உண்பது கீரை என்றார். இத்தனை இளவயதில் இத்தகைய மறதி ஏன்? இக்கேள்வி மருத்துவரை விடவில்லை. பின்னர் அவர் மூனிச் நகருக்குப் பணி மாறிச் சென்றபோதும் அப்பெண்மணியை மறக்கவில்லை.

1906 ஏப்ரலில் அகுஸ்தே இறந்தார். அவருடைய மூளையை வரவழைத்து, மெல்லிய துண்டுகளாக்கி, வெள்ளி உப்பால் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார் அல்சைமர். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டான படிவுகள். உள்ளே சிக்கலான நூலிழைகள்! அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் டூபிங்கன் நகரில் அறிஞர் அவையில் இதை விளக்கினார். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆயினும் 1910-இல் பேராசிரியர் கிரேப்பலின் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். 1915 டிசம்பர் 19-ஆம் நாள் அல்சைமர் மறைந்தார். அப்போது அவருக்கும் வயது 51.

நரம்பணுக்கள் மின்துடிப்புகளின் துணையோடு ஒன்றோடொன்று பேசுகின்றன. இறந்த மூளையில் அந்தத் துடிப்பைக் காண முடியாது. ஆகவே, படிவுகள் அணுக்களை என்ன செய்கின்றன என்பதை அவரால் அறிய இயலவில்லை. வெளிப்படிவு அமிலாய்டு பீட்டா என்ற புரதத்தாலும், உள்ளிழைகள் டௌ என்ற புரதத்தாலும் ஆனவை என்பது 1980-களில் தெரிந்தது. 2008-இல், அதே மூனிச் நகரில், இந்நோயின் படிவுகள் தோன்றுமாறு வளர்க்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தனர். படிவுகளுக்கு அருகிலிருந்த அணுக்கள் பல அளவுமீறித் துடித்தன. வேறு பல அணுக்களோ துடிப்பிழந்து கிடந்தன. வகுப்பில் சிலர் கூச்சலிட, சிலர் வாய்மூடிக் கிடந்தால் பாடம் நடக்குமா? அதுபோலவே நினைவும் தடுமாறுகிறது.

இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை. ஆனால், அல்சைமர் காட்டிய பொறுமை நம் ஒவ்வொருவராலும் இயலும். தோழியரே, இன்று மாலை பாட்டி பதினோராம் முறை அதே கேள்வியைக் கேட்டால், முதல் முறை கேட்டது போலவே விடை சொல்வோமா?