மத்தியாஸ் ஹோனரும் பித்தளை நாக்கும்

மன்னார்த் தீவில் சோளகக் காற்று எழுந்துவிட்டால் வீட்டிலுள்ள உலோகங்களுக்கு ஓய்வில்லை. பூட்டில் துரு ஏறும். குத்துவிளக்கில் களிம்பு படரும். அக்காற்றுக்கு என் தந்தையாரின் மவுத் ஓர்கனும் தப்பவில்லை. தலைமன்னார்த் துறைப் புகையிரத நிலையத்தில் பணியாற்றிய அவர், கப்பல் தாமதிக்கும் இரவுகளில் அதனை வாசிப்பதுண்டு. 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது நாங்கள் விட்டுச் சென்றவை பல. எடுத்துச் சென்ற சிலவற்றுள் அச்சிறு கருவியும் ஒன்று. தந்தையார் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின், வாசிக்கப் பழக வேண்டுமென்று என் பேரன் கேட்க, அதனை எடுத்து ஊதிப் பார்த்தேன். இரண்டு சுரங்கள் ஊமையாகியிருந்தன. ஒன்று சுருதி தாழ்ந்து ஒலித்தது. அதனைச் சீர்செய்ய முற்பட்ட வேளையிலேதான், இக்கருவியை எளியோர் கைக்கெல்லாம் சேர்ப்பித்த மத்தியாஸ் ஹோனரின் வரலாற்றை நாடினேன்.

ஹோனர் 1833ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் நாள், தென் ஜேர்மனியின் வூர்ட்டம்பேர்க் நாட்டிலுள்ள ட்ரொசிங்கன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். மணிக்கூடு செய்தல் அவர்தம் தொழில். மவுத் ஓர்கனை முதன்முதல் ஆக்கியவர் அவரல்லர். 1820களிலேயே அது தோன்றிவிட்டது. அவ்வூரில் கிறிஸ்தியான் மெஸ்னர் என்பார் அதனைச் செய்து வந்தார். அவரது பட்டறையிற் கண்டவற்றைக் கூர்ந்து நோக்கியே ஹோனர் இத்தொழிலின் நுட்பத்தை அறிந்துகொண்டார் என்பர்.

1857ஆம் ஆண்டு தம் மனைவியாரின் துணையோடு அவர் தொழிலைத் தொடங்கினார். முதலாண்டில் உருவானவை 650 கருவிகள் மட்டுமே. அமெரிக்காவிற் குடியேறிய உறவினர் வாயிலாக 1860களில் அந்நாட்டுச் சந்தை திறந்தது. ஊர் மக்கள் பலர் தத்தம் வீடுகளிலிருந்தே கருவியின் உறுப்புகளைச் செய்து கொடுத்தனர். பின்னர் இயந்திரங்களும் துணைசெய்ய, 1880களின் இறுதியில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் என்னும் அளவையும் உற்பத்தி எட்டியது.

மணிக்கூட்டுக் கம்மியர் ஒருவர் இத்தொழிலிற் சிறந்தமை வியப்பன்று. பத்துத் துளையுள்ள கருவியில் இருபது பித்தளை நாக்குகள் உண்டு. ஒவ்வொரு துளைக்கும் ஊதும்போது அதிர ஒன்றும், உறிஞ்சும்போது அதிர ஒன்றும் அமைந்திருக்கும். நாக்கின் ஒரு முனை தகட்டோடு ஆணியாற் பிணைக்கப்பட்டிருக்கும். மறுமுனை கட்டின்றித் தகட்டிலுள்ள பிளவினூடே சென்று மீளும். நாக்குக்கும் பிளவின் விளிம்புக்கும் இடையேயுள்ள வெளி மயிரிழை போன்றது. அது மிகுந்தால் மூச்சு வீணாகும். அற்றுப்போனால் நாக்கு உரசி ஊமையாகும்.

அயலிலுள்ள கைக்கடிகாரம் திருத்துபவரிடம் உருப்பெருக்கும் கண்ணாடியை இரவல் பெற்றேன். மூடித் தகடுகளின் சிற்றாணிகளைக் கத்தி நுனியால் மெல்லக் கிளப்பினேன். முதல் நாக்கின் அடியிற் சட்டைப்பையின் நூலிழையொன்று சிக்கியிருந்தது; அதனை ஈர்க்கு நுனியால் எடுத்தேன். இரண்டாவது, பக்கவாட்டில் விலகிப் பிளவின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஆணியடியில் இம்மியளவு நகர்த்தவே அது பேசிற்று. உள்ளிருக்கும் சட்டம் மரமாதலின் நீரில் நனைக்கவில்லை. நனைந்தால் மரம் ஊதிப்போகும்.

மூன்றாவதே என்னைத் திகைக்க வைத்தது. நுனியைச் சிறிது சுரண்டினால் நாக்கின் சுருதி உயரும். அடியைச் சுரண்டினால் தாழும். ஆயினும் அந்நாக்கின் அடியிற் கீறல் விழுந்திருப்பதைக் கண்ணாடி காட்டியது. நெடுங்காலம் அதிர்ந்து களைத்த உலோகம் அது. சுரண்டிச் சுருதி கூட்டினாலும் சில நாள்களில் முறிந்துவிடும். முறியுமட்டும் அது என் தந்தையார் ஊதிய நாக்கு. அரத்தை வைத்துவிட்டேன்.

ஹோனர் 1900ஆம் ஆண்டில் தொழிலைத் தம் ஐந்து புதல்வரிடம் ஒப்படைத்தார். 1902ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆம் நாள், அறுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்திய தினம், அவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற தொழில் அடுத்த தலைமுறையின் கையில் மேலும் வளர்ந்தது.

பேரனுக்குப் புதுக் கருவியொன்று வாங்கிக் கொடுத்தேன். பழகுபவன் பிழைச் சுருதியில் தொடங்கலாகாதன்றோ? வாசிக்குமுன் வாய் கொப்புளித்தல், முடிந்தபின் துளைகள் கீழ்நோக்க உள்ளங்கையில் தட்டி எச்சிலை உதறுதல், ஈரம் உலர்ந்தபின்னரே பெட்டியில் இட்டு உப்புக்காற்றுப் படாமல் மூடுதல், மூச்சை முரட்டுத்தனமாகச் செலுத்தாதிருத்தல் ஆகிய நான்கையும் சொல்லிக் கொடுத்தேன். இவற்றைத் தந்தையார் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அவருடைய கருவி இன்று என் மேசையில் இருக்கிறது. மாலை வேளைகளில், கீறல் விழுந்த அச்சுரத்தை மட்டும் தவிர்த்து, அதனை நான் மெதுவாக ஊதுகின்றேன்.