திரைக்குப் பின் அமர்ந்து படித்தவர்
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்வு தரும் பாடம்



நம் விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்வில் மாநிலத்திலேயே பல ஆண்டுகள் முதலிடம் பெற்ற மாவட்டமாகும். அந்தப் பெருமையில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. ஆனால் தேர்வு முடிவுகள் வெளிவந்து இனிப்பு வழங்கியபின், அப்பிள்ளைகளில் எத்தனை பேர் கல்லூரி வாசலை மிதிக்கின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நல்ல மதிப்பெண் பெற்ற மகள் வீட்டிலேயே நிறுத்தப்படுகிறாள். மகன் அச்சகத்திற்கோ, தீப்பெட்டி ஆபீஸுக்கோ, பட்டாசு ஆலையின் கணக்கு வேலைக்கோ அனுப்பப்படுகிறான். இவ்வாறு செய்பவர்கள் பிள்ளைகளின் பகைவர்கள் அல்லர். அவர்கள்மீது உயிரையே வைத்திருக்கும் பெற்றோர்களே. தூரம், செலவு, ஊர்ப்பேச்சு, நாளை வரன் அமையுமா என்ற கவலை ஆகியவை சேர்ந்து அவர்களைத் தளர்த்தி விடுகின்றன. அந்தத் தளர்ச்சி பிள்ளைகளையும் தொற்றிக் கொள்கிறது.

இத்தகைய தளர்ச்சிகளுக்கு நடுவே படித்து உயர்ந்த ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம். கல்வியில் சிறந்த பெண்மணிகள் நம் சமுதாய வரலாற்றிலும் நிறைய உண்டு. எனினும் நம் பாட்டன், பாட்டியர் காலத்தில் நம் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்தவர் என்பதால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்வு நமக்கு மிக அருகில் நின்று பேசுகிறது. அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயரால் அவரை நம் வீட்டுப் பெண்கள் பலர் அறிவர். அப்பெயருக்கு உரியவர் யார் என்பதை அறிந்தோர் சிலரே.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அவ்வூர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கமுடைய குலத்தில் பிறந்தவர். இத்திருமணத்தால் தந்தையாரை அவருடைய உறவினர் ஒதுக்கி வைத்தனர். ஆகவே பிறந்த நாள் முதலே அச்சிறுமியைச் சுற்றி ஊரின் ஏளனம் இருந்தது.

மகள் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்து, பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதினால் போதும் என்றே தந்தையார் முதலில் எண்ணினார். ஆசிரியரோ அவளுடைய கூர்மையைக் கண்டு ஆங்கிலத்தையும் சேர்த்துக் கற்பித்தார். பருவம் எய்தியதும் அக்கால வழக்கப்படி பள்ளிக்குச் செல்வது நின்றது. தாயார் மகளுக்குத் திருமணம் செய்து வைப்பதிலேயே நாட்டம் கொண்டிருந்தார். அந்த அன்னையையும் நாம் குறை கூறுவதற்கில்லை. அக்காலத் தாய்க்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

ஆனால் பள்ளி நின்றதே தவிர, படிப்பு நிற்கவில்லை. தந்தையாரும் ஆசிரியர்களும் வீட்டிலேயே கற்பித்தனர். தனித்தேர்வராக எழுதி 1902ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் வெற்றி பெற்றார். மகளின் படிப்பைக் கணக்கு எழுதும் அளவோடு நிறுத்த நினைத்த அதே தந்தை, அதற்குள் அவளுடைய முதல் துணைவராக மாறியிருந்தார்.

கல்லூரி வாசல்

அடுத்தது கல்லூரி. மகாராஜா கல்லூரியோ ஆண்கள் மட்டும் பயின்ற இடம். முத்துலட்சுமி விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண் வந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்றனர். தாயின் குலத்தைச் சுட்டிக்காட்டியும் மறுப்புக் கூறினர். அப்போதைய முதல்வரும் ஆதரவாக இல்லை. விவகாரம் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் வரை சென்றது. மன்னர் எதிர்ப்புகளைப் புறந்தள்ளி அனுமதி அளித்தார், உதவித்தொகையும் வழங்கினார். அக்கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி அவரே.

இந்த இடத்தில் நம் கவனத்தை நிறுத்த வேண்டும். எதிர்த்தவர்களின் கவலை அன்றைய சமூகத்தில் உண்மையான கவலையே. அதனை மன்னரும் கல்லூரியும் இல்லை என்று சொல்லிவிடவில்லை. அதற்கு ஓர் ஏற்பாடு செய்தனர். வகுப்பில் அம்மாணவி ஒரு திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார். பாடம் முடிந்ததும் அவர் வெளியேறுவதற்கு மணி அடிக்கப்படும். அவர் சென்றபின்னரே மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வருவர். இன்று கேட்பதற்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அந்தத் திரை அவரைக் கல்வியிலிருந்து மறைக்கவில்லை. கல்விக்குள் கொண்டுவந்து சேர்த்தது. சிரமம் உண்டு என்றால் அதற்கு ஏற்பாடு தேட வேண்டுமே தவிர, படிப்பை நிறுத்துவது ஏற்பாடு ஆகாது. அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் பெறும் முதன்மையான பாடம் இதுவே.

மருத்துவப் படிப்பு

1907ஆம் ஆண்டு அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் தடைகள் காத்திருந்தன. அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஒருவர் தம் வகுப்பில் பெண்களை அனுமதிக்காதவர். முத்துலட்சுமி அவருடன் வாதாடிக் காலத்தைப் போக்கவில்லை. அந்தப் பாடத்திலேயே மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றுக் காட்டினார். மறுத்த பேராசிரியரே பின்னர் பாராட்டுபவரானார். பல பரிசுகளுடன் 1912ஆம் ஆண்டு பட்டம் பெற்று வெளிவந்தார்.

1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் பணிகளுக்குத் தடையாக இருக்கலாகாது என்று திருமணத்திற்கு முன்பே கேட்டுக் கொண்டார். கணவரும் அச்சொல்லைக் காப்பாற்றினார். 1925ஆம் ஆண்டு மேற்பயிற்சிக்காக அரசு உதவியுடன் அம்மையார் இலண்டன் சென்றபோது, கணவரும் இரு பிள்ளைகளும் உடன் சென்றனர். அப்போது அவருக்கு வயது 39. படிக்கும் வயது கடந்துவிட்டது என்று சொல்லி ஒதுங்குவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

தாம் கடந்த வாசலைத் திறந்தே வைத்தவர்

தளர்ச்சியை வென்று உயர்ந்தவர்களில் சிலர் தம் உயர்வோடு நின்றுவிடுவர். அம்மையார் அவ்வாறு நிற்கவில்லை. 1927ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அச்சபையில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவர். துணைத் தலைவராகவும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்டின் கல்வி நிலையை ஆராய அமைக்கப்பட்ட ஹார்டாக் குழுவில் உறுப்பினராகி நாடெங்கும் சென்று, பெண் கல்வியின் நிலையை நேரில் கண்டார்.

அவருடைய சட்டசபைப் பணிகளுள் ஒன்றை நம் சமுதாயத்தார் மறக்கலாகாது. முஸ்லிம் மாணவியர்க்கு என விடுதி ஏற்பட அவர் பாடுபட்டார். தங்குவதற்கு நம்பிக்கையான இடம் இல்லை என்பதாலேயே நம் பெண்கள் படிப்பை இழக்கின்றனர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். திரைக்குப் பின் அமர்ந்து படித்தவருக்கு அந்தச் சிரமம் புரியாமல் போகுமா? தமக்குக் கிடைத்தது போன்ற ஓர் ஏற்பாட்டை நம் வீட்டுப் பெண்களுக்கும் அவர் தேடித் தந்தார்.

தாயாரின் குலத்துப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்திலிருந்து விடுவிக்கவும் அவர் சட்டசபையில் போராடினார். அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. முழுமையான தடைச் சட்டம் 1947ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் மனம் தளராமல் காத்திருந்தார். இதற்கிடையே 1930ஆம் ஆண்டு, அந்தக் குலத்தில் பிறந்த காரணத்தால் எந்த விடுதியிலும் இடம் கிடைக்காத மூன்று சிறுமிகள் அவருடைய வீட்டு வாசலில் வந்து நின்றனர். அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்றுக் கொண்டார். ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லம் அவ்வாறு தோன்றியதே.

அடையாறு மருத்துவமனை

அம்மையாரின் தங்கை 1923ஆம் ஆண்டு புற்றுநோயால் இறந்தார். அருகிலிருந்து அந்த வேதனையைக் கண்டவர், இந்நோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று உறுதி பூண்டார். தீராத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற அவநம்பிக்கை நிலவிய காலம் அது. 1935ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் தம் எண்ணத்தை வெளியிட்டார். 1952ஆம் ஆண்டு பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், வெறும் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. எண்ணம் தோன்றியதற்கும் கதவு திறந்ததற்கும் இடையே முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. இன்று தென் மாவட்டங்களிலிருந்து மதம், சாதி வேறுபாடின்றி நோயாளிகள் நம்பிக்கையுடன் ரயிலேறிச் செல்லும் இடங்களில் அதுவும் ஒன்று.

1956ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். அன்று அந்தக் கல்லூரி வாசல் அவருக்கு மூடப்பட்டிருந்தால், இழப்பு அவருக்கு மட்டுமா? எத்தனை ஆயிரம் நோயாளிகளுக்கு, எத்தனை ஆதரவற்ற பெண்களுக்கு?

நம் கடமை

ஜமாஅத்தார்களே! அம்மையாரின் அறிவும் உழைப்பும் அவருடையவை. ஆனால் அவர் தளரும் நிலை வந்த ஒவ்வொரு கட்டத்திலும், நீ படி என்று சொல்ல ஒருவர் இருந்தார். முதலில் ஆசிரியர், பிறகு தந்தை, பிறகு மன்னர், பிறகு கணவர். நம் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்பவர் யார்? அந்த இடத்தில் நிற்க வேண்டியது ஜமாஅத்தே.

நம் பகுதியின் தொழில் நமக்குச் சோறு போட்டது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தபின், அந்தத் தொழிலை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். கல்வி ஒன்றே எந்த ஆணையாலும் நின்றுவிடாத முதலீடு.

வாய்ப்புகளும் இல்லாமல் இல்லை. கல்வியிலும் அரசு வேலையிலும் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2007ஆம் ஆண்டு அளிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நம் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்குச் சென்று ஒரு பெண் படித்த படிப்பு, இன்று நம் பேருந்து செல்லும் தூரத்தில் இருக்கிறது.

எனவே தேர்வு முடிவு வந்ததும் ஒவ்வொரு தெருவிலும் எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தப் போகிறது என்பதை விசாரித்து அறிவோம். தூரம் தடை என்றால் நம் பிள்ளைகள் சேர்ந்து செல்ல ஒரு வாகனம். கட்டணம் தடை என்றால் வசதியுள்ளோரின் பங்களிப்பு. சான்றிதழும் விண்ணப்பமும் தடை என்றால் படித்த இளைஞர்களின் உதவி. ஒவ்வொரு சிரமத்திற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. பிள்ளைகளே, யாரேனும் உங்களைத் தளர்த்தினால் கோபம் கொள்ளாதீர்கள். புத்தகத்தையும் கீழே வைக்காதீர்கள்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.